டாக்டர் சாலமோன் வரதன் சொன்னது

ஜூலை 8, திங்கள்

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக இதில் பந்துக் கணக்கும் விசில் கணக்கும்தான் இருக்கிறது. இன்று முதல் மற்றதையும் எழுதப் போகிறேன். மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொன்னால் வேலை போய்விடும்.

காலையில் ஹாக்கி மைதானத்துக்குள் கார் வந்து நின்றது. கோல் போஸ்ட்டுக்கு முன்னால், நான் முந்தாநாள் சுண்ணாம்பு போட்ட கோட்டின் மேலேயே நின்றது. தாளாளர் சீனிராஜ் இறங்கினார். கூடவே ஓர் இன்ஜினியர், கையில் டேப்போடு.

"மாஸ்டர், இந்த இடம் சும்மாதான கெடக்கு. ஏ.சி. கிளாஸ்ரூம் கட்டலாம்னு பாக்கேன்" என்றார்.

"சார், கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆயிராது. பிள்ளைக புழங்குத இடம் சார்" என்றேன்.

"நீங்க சொன்னா ஆச்சா மாஸ்டர்" என்று சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார். அவருக்கு நான் யாரென்றே தெரியாது, இருந்தாலும் சிரித்தார்.

பிறகு தாளாளர் தன் கஷ்டத்தைச் சொன்னார். பக்கத்துப் பள்ளிக்காரன் போன வருடம் மாவட்ட விவாதப் போட்டியில் ஜெயித்துவிட்டு, ரயில்வே கேட்டிலிருந்து சந்தை வரைக்கும் ப்ளெக்ஸ் வைத்துவிட்டானாம். அதில் நம்மூர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே போய்விட்டார்களாம். "நமக்கு அட்மிஷன் வரணும்னா ஒண்ணு கப்பு வரணும், இல்ல ஏ.சி. வரணும்" என்றார்.

"கப்பு வந்தா மைதானம் இருக்குமா சார்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"இருக்கும். சோசியல் டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க. நீங்களே பிள்ளைகளத் தயார் பண்ணுங்க" என்று காரில் ஏறிவிட்டார்.

விவாதத் தலைப்பு: ஆளில்லாத தீவுகள் யாருக்குச் சொந்தம்? நான் ராமேஸ்வரம் தாண்டி எந்தத் தீவையும் பார்த்ததில்லை. அதையும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கோட்டைத் திரும்பப் போட்டேன். கார் டயர் தடம் மட்டும் போகவில்லை.

ஜூலை 11, வியாழன்

இரண்டு பேர் கொண்ட அணி வேண்டும். விவாதத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் பிளஸ் ஒன் வகுப்பே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறது. கடைசியில் என் ஹாக்கி கோல் கீப்பர் இசக்கிராஜ் எழுந்தான். நான் கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் எழுவான். பந்தைத் தடுப்பான், பேச்சைத் தடுப்பானா என்று தெரியவில்லை.

இன்னொருத்தி செண்பகா. இவளை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக பி.டி. பீரியட் வந்தாலே இவளுக்கு வயிற்றுவலி. "டாக்டர் சீட்டு எங்க?" என்று கேட்பேன். சீட்டு இருந்தால் மரத்தடி, இல்லையென்றால் மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு. அது என் சட்டம். ஒருநாள்கூட அவள் சீட்டு கொண்டுவந்ததில்லை, ஒருநாள்கூட நான் விட்டதில்லை.

போட்டி விதிகளை வாசித்துக் காட்டினேன். நடுவர் பேராசிரியர் தவமணிதாசன், அரசியல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் ஆதாரம் சொல்ல வேண்டும். யார் எழுதியது, எந்த நூல், எந்த வருடம். ஆதாரம் இல்லாத வாக்கியத்துக்கு ஐந்து மதிப்பெண் போய்விடும். இணையத்தில் எடுத்தது செல்லாது, அச்சில் வந்தது மட்டுமே செல்லும்.

செண்பகா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப நீங்களும் சீட்டு காட்டணும், இல்ல சார்?" என்றாள்.

ஜூலை 13, சனி

ஆதாரம் தேடி நூலகத்துக்குப் போனோம். பள்ளியிலும் ஒரு நூலகம் உண்டு. ஆனால் அந்த அலமாரியை இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் திறப்பார்கள், அதுவும் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

ஊர் நூலகத்தில் உலகப்படம் ஒன்று கிடைத்தது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் இருந்தது. இசக்கிராஜுக்கு அது பிடித்துப் போய்விட்டது. "எவ்ளோ பெரிய கிரவுண்டு சார்" என்றான்.

உலக அரசியல் என்று ஒட்டியிருந்த தட்டில் ஹோமியோபதிப் புத்தகம் இரண்டும் ஒரு காலி டீ கிளாஸும் இருந்தன. நூலகர் அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தத் தட்டு மொத்தத்தையும் பேராசிரியர் தவமணிதாசன் சார் எடுத்துட்டுப் போனாங்க. அஞ்சாறு வருசம் இருக்கும். வீட்டு ஆளுகளும் மெம்பர்ங்கிறதால எல்லாருக்கும் சேத்து எடுத்துக்கிட்டாங்க."

நேரே பேராசிரியர் வீட்டுக்கு நடந்தோம். நல்ல மனிதர், மோர் கொடுத்தார். கூடத்தில் புத்தகங்கள் தரையிலிருந்து ஜன்னல் வரை அடுக்கியிருந்தன. மேலே ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் எதையாவது உருவினால் ஃபேன் விழுந்துவிடும்.

"தரலாம். ஆனா நான் நடுவர். நடுவரே ஆதாரம் குடுத்தா நடுநிலைமை என்னத்துக்காகும்? போட்டி முடியட்டும், வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஜூலை 16, செவ்வாய்

ஆதாரம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் கிருஷ்ணன் கடையில் வாங்கிய உளுந்த வடையைச் சுற்றியிருந்த பேப்பரில், யாருமே இல்லாத ஒரு தீவுக்காக இரண்டு நாடுகள் அடித்துக்கொள்வதைப் பற்றி ஒரு கட்டுரை. அச்சில் வந்தது, தேதியும் இருந்தது. படித்துக்கொண்டே போனேன். "இந்த உரிமை குறித்து நீதிபதிகள் இறுதியாகச் சொன்னது என்னவென்றால்" என்ற இடத்தில் பேப்பர் கிழிந்திருந்தது.

மறுபாதி கடையில்தான் இருக்க வேண்டும். அணியைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பேப்பரை மட்டும் கொடு என்றால் கிருஷ்ணன் கொடுக்கமாட்டேன் என்கிறான், வடையோடுதான் வருமாம். இசக்கிராஜ் முடிந்தவரை தின்றான். கல்யாண விளம்பரம் வந்தது, டெண்டர் நோட்டீஸ் வந்தது, ஒரு கோழி நோய்க் கட்டுரை வந்தது. நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வரவில்லை. நமக்கு முன்னால் வந்து வாங்கித் தின்ற யாரோ ஒருவர் அதைக் கசக்கிப் போட்டுவிட்டார்.

இசக்கிராஜுக்கு உண்மையிலேயே வயிற்றுவலி. நாளை பயிற்சிக்கு விலக்குக் கொடுத்தேன். சீட்டு கேட்கவில்லை, சாட்சி நானே.

ஜூலை 19, வெள்ளி

மைதானத்துத் தொட்டிக்குத் தண்ணீர் லாரி வந்தது. இதுவரை வராத லாரி. முன்கண்ணாடிக்கு மேலே 'சாலமோன்' என்று எழுதியிருந்தது. பின்னால் டேங்கில் 'வரதன்'. லாரிக்கு இரண்டு பங்குதாரர்களாம், முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் மற்றவருக்கு. நம்பர் பலகையில் பெயிண்ட் உரிந்து 1987 மட்டும் மிச்சம். குழாய் ஒழுகுகிறது. டிரைவரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டான்.

லாரி நிரப்பும்வரை வேப்பமர நிழலில் ஒத்திகை. எங்கள் அணிக்கு விழுந்த பக்கம்: தீவு அங்கே வந்துபோய்ப் புழங்கும் மக்களுக்கே சொந்தம். எதிரணிப் பக்கம்: முதலில் படத்தில் குறித்த நாட்டுக்கே சொந்தம். செண்பகா கையில் தேறியது ஒரே ஓர் ஆதாரம், அதுவும் பாதி வடைப் பேப்பர்.

நான் சொன்னேன்: "இப்படி ஆரம்பிம்மா. கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆகிவிடாது. வருடத்துக்கு ஒருதரம் ஒரு மீனவர் வந்து வலை உலர்த்தினாலும் அது புழங்கும் இடம்தான்."

செண்பகா எழுதிக்கொண்டாள். நல்ல வாக்கியம் என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பேனாவை உயர்த்தி, "இது யார் சொன்னது சார்?" என்றாள்.

"நாந்தான்."

"நீங்க சொன்னா செல்லாது சார்."

தாளாளர் சொன்ன அதே 'நீங்க சொன்னா'. பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டாவது தடவை. அவள் மேல் தப்பில்லை, விதி அப்படி. ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

"நான் சும்மா சொல்லல. ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் எழுதினது" என்றேன்.

"பேரு?"

"டாக்டர்..." என்றேன். ஞாபகம் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. லாரி கிளம்பிக் கொண்டிருந்தது. "டாக்டர் சாலமோன் வரதன்."

"நூல்?"

"காலியிடங்களின் அரசியல்."

"வருசம்?"

"1987."

எங்கோ படித்த ஞாபகம். உறுதியாகப் படித்திருக்கிறேன். லாரிக் குழாய் ஒழுகினதில் கோல் போஸ்ட் வரைக்கும் ஒரே சகதி.

ஜூலை 22, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செண்பகா சாலமோன் வரதனைத் தேடியிருக்கிறாள். நூலகத்தில் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் இணையத்தில் தேடியதில் சாலமோன் என்று ஒரு பல் டாக்டரும் வரதன் என்று ஒரு வெல்ல மண்டியும்தான் கிடைத்தார்களாம்.

"இணையம் செல்லாதுன்னு விதியிலயே இருக்கே. அச்சுல வந்த ஆளு அவர்" என்றேன்.

"நான் புக்கப் பாக்காம பேச மாட்டேன் சார்" என்றாள்.

பிடிவாதக்காரி. ஹாக்கிக்கு வந்திருந்தால் நல்ல டிஃபெண்டர் ஆகியிருப்பாள். இசக்கிராஜ் பிரச்சினையே இல்லை. அவன் சாலமோன் வரதனை மனப்பாடம் செய்துவிட்டான்.

ஜூலை 24, புதன்

தாளாளரின் இன்ஜினியர் மறுபடி வந்து நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார். கப்பு வராவிட்டால் தயாராக இருக்கட்டும் என்று தாளாளர் சொன்னாராம்.

ஜூலை 26, வெள்ளி

நாளை போட்டி. தண்ணீர் லாரி வந்தது. செண்பகா முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், நம்பர் பலகைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். லாரி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வெயில் அதிகம், நிழலுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். மூலையிலிருந்த முளைக்குச்சியைக் காட்டி, "இது எதுக்கு சார்?" என்றாள். சொன்னேன். அதன்பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

குழாய் இன்னும் சரிசெய்யவில்லை.

ஜூலை 27, சனி

கப்பு வந்துவிட்டது.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது என்று பிடித்திருக்கிறார்கள். மணவறை மேடையில் பேராசிரியர் தவமணிதாசன் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாழைமரம். கடைசிச் சுற்றில் எங்களுக்கு எதிரே பக்கத்துப் பள்ளி. அவர்கள் ஒரு சூட்கேஸ் நிறையப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். தாளாளர் முன்வரிசையில் உட்கார்ந்து நிமிடத்துக்கொருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

செண்பகா நன்றாகப் பேசினாள். ஆனால் வடைப் பேப்பர் முடிந்ததும் ஆதாரமும் முடிந்துவிட்டது. ஐந்து போச்சு, பத்து போச்சு, பதினைந்து போச்சு. அப்போது இசக்கிராஜ் எழுந்தான். கோல் வருவதைப் பார்த்த முகம் அவனுக்கு.

"கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆகிவிடாது என்கிறார் டாக்டர் சாலமோன் வரதன். நூல், காலியிடங்களின் அரசியல். வருடம் 1987" என்று மண்டபம் அதிரச் சொன்னான்.

எதிரணிப் பையன் பக்கங்களைப் புரட்டினான். சூட்கேஸைத் திறந்தான், மூடினான். தெரியாது என்று சொன்னால் கேவலம் என்று நினைத்திருப்பான் போல. நிமிர்ந்து, "டாக்டர் சாலமோன் வரதன் இந்தக் கருத்தைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார் என்பதை எதிரணி நண்பர் அறியவில்லை" என்றான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் பதிப்பில் ஒன்று, இரண்டாம் பதிப்பில் ஒன்று. அது உண்மைதான்" என்றார். "நான் அவரோடு டெல்லியில் ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். பிடிவாதக்காரர்."

செண்பகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து எதிரணியிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாற்றிக்கொண்டதற்கு ஆதாரம்?"

எந்த நூல், எந்த வருடம் என்று பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தான் பேசியது நேர்ப்பேச்சுத்தான், அச்சில் வந்ததல்ல என்று பேராசிரியரும் ஒதுங்கிக்கொண்டார். எதிரணிக்கு ஐந்து மதிப்பெண் போனது. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

இசக்கிராஜ் கப்பை ஹாக்கி மட்டையைப் போல் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். செண்பகா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஜெயித்த களைப்பாக இருக்கும்.

ஜூலை 29, திங்கள்

ரயில்வே கேட்டிலிருந்து சந்தை வரைக்கும் ப்ளெக்ஸ். தாளாளர் படம் பெரிதாக, கப்பு சின்னதாக, பிள்ளைகள் கப்புக்குள்ளே. மேலே ஒரு வரி: "டாக்டர் சாலமோன் வரதன் வழியில் நமது பள்ளி."

தாளாளர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். பதினோரு வருடத்தில் முதல் நாற்காலி. "வெற்றி விழா வைக்கோம். சிறப்பு விருந்தினர் டாக்டர் சாலமோன் வரதன். நீங்கதான் அவருக்குப் பழக்கம்னு பேராசிரியர் சொல்லுதாரு. அழைச்சிருங்க" என்றார்.

"அவர் ஜெனீவாவுல இருக்கார் சார்" என்றேன்.

"ஏரோப்ளேன் எதுக்கு இருக்கு?" என்றார்.

முளைக்குச்சியை மட்டும் பிடுங்கச் சொன்னார். அதைப் பிடுங்கும்போது இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை. கோமதி இதைப் படிக்கக் கூடாது.

ஜூலை 31, புதன்

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. "உலகப் புகழ் நம்ம ஊர் மண்ணின் மைந்தர்" என்று போட்டிருக்கிறது. மண்ணின் மைந்தர் என்று யார் சொன்னது என்று கேட்டேன். தலைமை எழுத்தருக்கு அவருடைய தாய்மாமாவைத் தெரியுமாம்.

அவர் அப்பா கிறிஸ்தவர், அம்மா அய்யங்கார், கலப்புத் திருமணம் என்றும் ஸ்டாஃப் ரூமில் பேச்சு. ஆளாளுக்கு ஒரு விவரம் வைத்திருக்கிறார்கள். என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தாளாளர் தன் செல்போனை என் கையில் திணித்தார். "நம்பரப் போடுங்க, நானே பேசுதேன்" என்றார். ஜெனீவாவில் இப்போது நடுராத்திரி என்று சொல்லித் தப்பித்தேன். நாளை காலை ஒன்பது மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று காலை டாக்டர் சாலமோன் வரதன் காலமானார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. கஷ்டப்படவில்லை. செய்தி எனக்குத்தான் முதலில் கிடைத்தது.

தாளாளர் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு அழைப்பிதழ் கட்டைப் பார்த்தார். பள்ளிக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் கோமதி வாசலிலேயே மறித்துவிட்டாள். பிள்ளைகள் வழியாகச் செய்தி எனக்கு முன்னால் வந்திருக்கிறது.

"எழவு சேதி கேட்டுட்டுத் தலைக்கு ஊத்தாம உள்ள வரப்பிடாது" என்றாள்.

"சொந்தக்காரர் இல்லியே" என்றேன்.

"உங்களுக்குத்தான மொதல்ல சொன்னாக? அம்புட்டுப் பழக்கம் இருந்திருக்கு, எங்கிட்ட ஒருநாள் சொன்னீகளா? ஒரு வாய் சோறு போட்டிருப்பேன்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் போய் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத் துண்டோடு நின்றபோது எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர். எனக்காக ஒரு வார்த்தை பேசினவர்.

ஆகஸ்ட் 5, திங்கள்

படுபாவி ஆள், செத்தும் விடவில்லை.

தாளாளர் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி அறிவித்தார். 'டாக்டர் சாலமோன் வரதன் நினைவு ஆய்வு மையம்', முழுக்க ஏ.சி. மாவட்டம் பூராவும் பேர் வாங்கிவிட்ட ஒருவரை விடக் கூடாதாம். வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டமும் படத்திறப்பும். ஆடியில் அடிக்கல் போடக் கூடாது, ஆவணி பிறந்ததும் பூமி பூஜை. இடம், ஹாக்கி மைதானம்.

"சார், கப்பு வந்தா மைதானம் இருக்கும்னீங்க" என்றேன்.

"மாஸ்டர், உலக அறிஞரை விட உங்களுக்கு ஹாக்கி பெரிசா?" என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நன்றிகெட்டவனைப் பார்ப்பது போல.

முளைக்குச்சி திரும்ப வந்துவிட்டது. நான் பிடுங்கிய அதே குழியில் அடித்தார்கள். இசக்கிராஜ் கோல் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்க முடியவில்லை. செண்பகா வந்து பக்கத்தில் நின்றாள்.

"மைதானம் இருக்கும்னு தாளாளர் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வாய்ப்பேச்சு."

"எழுதி வாங்கலியா?"

"எங்கிட்ட யாரும்மா எழுதிக் குடுப்பா?"

அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரங்கல் கூட்டத்தில் மாணவர் சார்பில் பேசத் தன் பேரைக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

படத்திறப்புக்குப் படம் இல்லை என்று ஒரு நாள் பூராவும் கலவரம். கடைசியில் ப்ளெக்ஸ் கடைக்காரர் தன்னிடமிருந்த படங்களில் ஒரு வெள்ளைத்தாடிக்காரரைக் கொண்டுவந்தார். யாரென்று அவருக்கும் தெரியாது. பேராசிரியர் தவமணிதாசன் பார்த்துவிட்டு, "அச்சு அசல்" என்றார். "கொஞ்சம் இளைத்திருக்கிறார்" என்றும் சொன்னார்.

குத்துவிளக்கா, மெழுகுவர்த்தியா என்று சண்டை. இரண்டும் வாங்கச் சொன்னார்கள். வாங்கிவந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மைதானத்திலேயே பந்தல். வெள்ளைத்தாடிக்காரருக்கு ரோஜா மாலை. தாளாளர், பேராசிரியர், பத்திரிகை நிருபர் ஒருவர், பெற்றோர் கூட்டம். இரண்டு நிமிட மௌனம். அப்போது பார்த்து வெள்ளிக்கிழமைத் தண்ணீர் லாரி கேட்டில் வந்து ஹார்ன் அடித்தது. வாட்ச்மேன் அதை வெளியிலேயே நிறுத்திவிட்டார். இறந்தவரை இரங்கல் கூட்டத்துக்குள் விடவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

தாளாளர் பேசினார். சாலமோன் வரதனின் நூல்தான் தன்னைச் செதுக்கியது என்றார். பேராசிரியர் டெல்லிக் கருத்தரங்கில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சொன்னார். கோமதி பெண்கள் பக்கம் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு செண்பகா. கையில் தாள் இல்லை. எப்போதும் எண் போட்ட குறிப்பு அட்டைகளோடு பேசுகிறவள், வெறுங்கையோடு மைக் முன்னால் நின்றாள்.

"டாக்டர் சாலமோன் வரதன் அவர்கள் தமது கடைசிக் கட்டுரையில் ஓர் ஆசையை எழுதியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தாள். "என் பேரில் யாரும் கட்டடம் கட்ட வேண்டாம். வாழ்நாள் முழுக்க நான் சொன்னது ஒன்றுதான், கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆகிவிடாது. எனக்கு ஏதாவது செய்ய நினைத்தால், பிள்ளைகள் ஓடி விளையாடும் ஒரு திடலைத் திடலாகவே விட்டுவையுங்கள். அந்தச் சத்தம் போதும் எனக்கு."

நிருபர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். தாளாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியருக்கு வியர்த்திருந்தது. தனக்குத் தெரியாத ஒன்று ஒரு பிளஸ் ஒன் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதே என்ற வியர்வை அது.

எழுந்து மைக்கைப் பிடித்தார். "உண்மை. டெல்லியில் என்னிடமும் இதைச் சொன்னார். கண்கலங்கிச் சொன்னார். இதை எப்போது வெளியிடுவது என்றுதான் நான் காத்திருந்தேன்" என்றார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. நிருபர் தாளாளரைப் படம் பிடித்தார். வேறு வழி இல்லை. தாளாளர் கண்ணை மூடித் திறந்தார். "அன்னாரின் கடைசி ஆசை எனக்குக் கட்டளை. இந்த இடம் இனி டாக்டர் சாலமோன் வரதன் நினைவுத் திடல். இதில் ஒரு செங்கல்கூட விழாது" என்றார். நாளைக் காலைப் பேப்பரில் வரப் போகிறது. அச்சில்.

இசக்கிராஜ் என்னைத் தூக்கிவிட்டான். என் உடம்பிலிருந்து நாற்பது கிலோ இறங்கியது போல் இருந்தது. பந்தல் பிரிக்கும்போது செண்பகாவைத் தேடிப் பிடித்தேன்.

"ரொம்ப நல்லாப் பேசினம்மா. அந்தக் கடைசிக் கட்டுரை, எதுல வந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்கயோ படிச்ச ஞாபகம் சார்" என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

தூக்கம் வரவில்லை. மைதானம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மைதான வாசலில் கல்வெட்டு வைத்துவிட்டார்கள். "கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் ஆகிவிடாது." கீழே டாக்டர் சாலமோன் வரதன், அதற்குக் கீழே திறந்துவைத்தவர் என்று தாளாளர் பேர், கொட்டை எழுத்தில். நான் இதே வாக்கியத்தை இதே இடத்தில் இதே ஆளிடம் சொன்னேன். போகட்டும்.

தண்ணீர் லாரி வந்தது. குழாயைச் சரிசெய்துவிட்டான்.

கடைசி பீரியட் பிளஸ் ஒன்னுக்கு பி.டி. நான் புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். செண்பகா வந்து, "சார், வயிறு வலிக்கு" என்றாள். உட்காரச் சொன்னேன். சீட்டு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? அவளும் ஆச்சரியப்படவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து, கோட்டைப் போட்டபடியே அவள் பக்கம் போனேன். "நம்ம மைதானம்தான் தெரியுமா, மாவட்டத்துலயே பெரிய மைதானம்" என்றேன். அப்படி ஒன்றும் கிடையாது. மூன்றாவதோ நான்காவதோதான் இருக்கும்.

சொல்லிவிட்டு நின்றேன். அவள் கேட்பாள் என்று நின்றேன். யார் அளந்தது, எந்த வருடம், எதில் வந்தது என்று அந்தப் பேனாவை உயர்த்திக் கேட்டுவிட்டால் போதும், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"ஆமா சார்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அதற்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.